ஒன்பது நிறத்து வழிப்போக்கன்

படைப்பினங்களைப் பாரீர்! - தொடர் பகுதி

 

மழைக்காலம் தொடங்கும் ஐப்பசி மாதத்தில், சுப்ஹுத் தொழுகையை முடித்துக்கொண்டு பள்ளிவாசலைவிட்டு வெளியே வரும்போது, பக்கத்து மாந்தோப்பிலிருந்து இரண்டே சுரங்கள் கொண்ட ஒரு சீழ்க்கையொலி எழுவதை நீங்கள் கேட்டிருக்கக்கூடும். முதற்சுரம் நீண்டு மேலேறும். அடுத்தது சட்டென்று கீழே இறங்கும். யாரோ ஒரு சிறுவன் விளையாட்டாகச் சீழ்க்கையடிக்கிறான் என்றே எண்ணத் தோன்றும். பகற்பொழுதெல்லாம் பெரும்பாலும் வாய் திறவாத அந்தக் குரல், மஃரிபுடைய பாங்கொலி எழும் நேரத்தையொட்டி மீண்டும் ஒருமுறை கேட்கும். பிறகு இருள் சூழும், அதுவும் அடங்கிவிடும்.

காலை ஆறு மணியளவிலும் மாலை ஆறு மணியளவிலும் குரல் கொடுப்பதால் நம் முன்னோர் இதற்கு 'ஆறுமணிக் குருவி' என்று பெயரிட்டனர். கடிகாரம் பார்க்கத் தெரியாத பறவைக்குக் கடிகாரத்தால் பெயர் அமைந்தது வியப்பே! வானங்களிலும் பூமியிலும் உள்ளவையும், சிறகுகளை விரித்துப் பறக்கும் பறவைகளும் அல்லாஹ்வைத் துதிக்கின்றன என்றும், ஒவ்வொன்றும் தன் தொழுகையையும் தஸ்பீஹையும் அறிந்தே இருக்கிறது என்றும் பொருள்படத் திருமறையின் 'அந்நூர்' அத்தியாயம் கூறுகிறது. அந்தத் துதியின் தன்மை நமக்கு விளங்காது. ஆயினும் பகலின் இரு முனைகளிலும் தவறாது ஒலிக்கும் இக்குரலைக் கேட்கும்போது, போர்வையை விலக்க மனமின்றிப் படுத்திருக்கும் நம்மில் பலருக்குச் சற்று வெட்கம் தோன்றாமற் போகாது.

பெயர் வந்த வரலாறு

இப்பறவையைப் பல மொழியினரும் பல பெயர்களால் அழைக்கின்றனர். இந்தியில் இதற்கு 'நவ்ரங்' என்று பெயர்; ஒன்பது நிறம் கொண்டது என்பது பொருள். சிங்களத்தில் 'அவிச்சியா' என்கின்றனர். இதன் இனத்தைச் சேர்ந்த பறவைகளை மலாய் மக்கள் 'புரோங் பச்சாட்' என்பர். பச்சாட் என்றால் காட்டு அட்டை. ஈரமும் அட்டையும் நிறைந்த காட்டுத் தரையில் திரிவதைப் பார்க்க, அப்பெயரும் பொருத்தமாகவே தோன்றுகிறது. ஜப்பானிலும் தைவானிலும் வாழும் இதன் உறவுப் பறவைக்கு 'எட்டு நிறப் பறவை' என்று பெயர். நிறத்தை எண்ணிப் பெயரிடும் வழக்கம் அங்கும் இருந்திருக்கிறது. கணக்கில்தான் ஒன்று குறைவு!

விஞ்ஞானிகள் இக்குடும்பம் முழுவதையும் 'பிட்டா' என்றழைக்கின்றனர். இது ஏதோ கிரேக்கச் சொல் என்று எண்ணிவிட வேண்டாம். சிறு பறவை என்னும் பொருளுடைய தெலுங்குச் சொல்லே அது. ஆசியா, ஆஸ்திரேலியா, ஆப்பிரிக்கா ஆகிய மூன்று கண்டங்களின் வெப்பமண்டலக் காடுகளில் நாற்பதுக்கும் மேற்பட்ட பிட்டா வகைகள் உள்ளன. அத்தனைக்கும் நம் அண்டை மாநிலத்துக் கிராமத்துச் சொல்லே பொதுப்பெயராகிவிட்டது. இவ்வினத்தில் முதன்முதலாக விஞ்ஞான முறைப்படி பெயரிடப்பட்டதும் நம் ஆறுமணிக் குருவிதான். சுவீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் 1766ஆம் ஆண்டில், பிறர் எழுதி வைத்த வருணனைகளைக் கொண்டு இதற்குப் பெயர் சூட்டினார். சூட்டியவர் இதைக் காக்கைக் குடும்பத்தில் சேர்த்துவிட்டார்! இதற்கும் காக்கைக்கும் நெருங்கிய உறவில்லை என்பதைப் பின்வந்தோர் கண்டறிந்து, தனி இனமாகப் பிரித்தனர்.

மறைத்து வைத்த அழகு

ஏறத்தாழ ஒரு சாண் நீளம், ஐம்பது அறுபது கிராம் எடை. இவ்வளவே இதன் உருவம். மைனாவைவிடச் சிறியது. வால் இருக்கிறதா இல்லையா என்று ஐயுறும் அளவுக்குக் குட்டை. கால்களோ நெடியவை, உறுதியானவை. முதுகு இலைப்பச்சை. தோளில் பளிச்சிடும் நீலத் திட்டு. மார்பும் வயிறும் வெளிர் சந்தன நிறம். அடிவயிற்றிலிருந்து வாலடி வரை குங்குமச் சிவப்பு. தொண்டை வெண்மை. கண் வழியாகப் பிடரி வரை மை தீட்டியது போன்ற அகன்ற கருங்கோடு; அதன்மேல் வெண்ணிறப் புருவம். பறக்கும்போது மட்டும் சிறகில் ஒரு வெள்ளைப் பொட்டு மின்னி மறையும். ஆணும் பெண்ணும் ஒரே தோற்றமுடையவை.

இத்தனை வண்ணங்களை அணிந்த பறவை, காட்டின் தரையில் எதிரிகளின் கண்ணில் படாமல் எப்படி உயிர் வாழ்கிறது என்று நீங்கள் கேட்கலாம். அதில்தான் படைத்தவனின் ஞானம் விளங்குகிறது. மேலிருந்து நோக்கும் வல்லூறுக்குத் தெரிவது அதன் பச்சை முதுகு மட்டுமே. சிவப்போ அடியில் ஒளிந்திருக்கிறது. ஆபத்தை உணர்ந்ததும் முதுகைக் காட்டியபடி அசையாமல் நின்றுவிட்டால், அதுவும் ஓர் இலையே! தோளிலுள்ள நீலத்தில் நீலச் சாயம் எதுவும் இல்லை என்பது மற்றொரு விந்தை. இறகின் நுண்ணிய அமைப்பு ஒளியைச் சிதறடித்து நீலத்தை மட்டும் நம் கண்ணுக்கு அனுப்புகிறது. அந்த இறகைப் பொடியாக்கினால் நீலம் மறைந்துவிடும்.

அழகு இருந்தும் அதைக் காட்சிப்பொருளாக்காத பறவை இது. இதில் நமக்குரிய பாடத்தை விரித்துச் சொல்லத் தேவையில்லை.

சருகுக்கு அடியில் ரிஸ்க்

ஆறுமணிக் குருவி தன் உணவைத் தரையிலேயே தேடுகிறது. மரநிழலில் தத்தித் தத்திச் சென்று, உதிர்ந்து கிடக்கும் சருகுகளை அலகால் ஒவ்வொன்றாகப் புரட்டும். சற்று நிற்கும், தலையைச் சாய்க்கும், மீண்டும் புரட்டும். சருகின் அடியிலும் ஈரமண்ணிலும் ஒளிந்திருக்கும் எறும்பு, வண்டு, புழு, மண்புழு, நத்தை முதலியனவே அதன் உணவு. தோட்டத்துக் கிணற்றடியில் கொட்டும் சமையற்கட்டு மிச்சங்களைக் கொத்தித் தின்பதும் உண்டு. ஆஸ்திரேலியாவில் வாழும் இதன் உறவுப் பறவை ஒன்று, நத்தையை ஒரு கல்லின்மேல் அடித்து ஓட்டை உடைத்துத் தின்னும். அதற்கென ஒரே கல்லைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும்.

அல்லாஹ்வின் மீது முறைப்படி தவக்குல் வைப்போருக்கு, பறவைகளுக்கு உணவளிப்பது போல் அவன் உணவளிப்பான். அவை காலையில் ஒட்டிய வயிற்றோடு சென்று மாலையில் நிறைந்த வயிற்றோடு திரும்புகின்றன என்னும் கருத்தை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எடுத்துரைத்ததாக உமர் (ரலி) அவர்கள் வாயிலாகத் திர்மிதியில் பதிவாகியுள்ளது. இதைக் கேட்கும் சிலர், உட்கார்ந்த இடத்தில் உணவு வரும் என்று கருதிக்கொள்கின்றனர். ஆறுமணிக் குருவியைப் பார்த்தவர்கள் அவ்வாறு கருதமாட்டார்கள். ரிஸ்கை வைப்பவன் அல்லாஹ். ஆனால் அவன் அதைச் சருகுக்கு அடியில் வைத்திருக்கிறான். புரட்ட வேண்டியது பறவையின் கடமை.

இறகு முளைத்த சபுராளி

காயல்பட்டினம், கீழக்கரை போன்ற நம் கடற்கரை ஊர்களில், பொருள் தேடிக் கொழும்புக்கும் பினாங்குக்கும் சென்று வந்தவர்களைச் 'சபுராளி' என்று அழைக்கும் வழக்கம் உண்டு. ஆறுமணிக் குருவியும் ஒரு சபுராளிதான்.

இதன் தாய்வீடு நம் தோட்டமன்று. பாகிஸ்தானின் மார்கல்லாக் குன்றுகள் தொடங்கி நேபாளம் வரையிலான இமயமலை அடிவாரக் காடுகளும், மத்திய இந்தியாவின் குன்றுகளும், மேற்குத் தொடர்ச்சி மலையின் சில பகுதிகளும் இது குஞ்சு பொரிக்கும் இடங்கள். தென்மேற்குப் பருவமழை பொழியும் காலத்தில், தரையிலோ தாழ்ந்த கிளையிலோ, காய்ந்த இலைகளையும் புற்களையும் கொண்டு பந்து போல ஒரு கூடு கட்டும். வாசல் பக்கவாட்டில் இருக்கும். நான்கைந்து வெண்ணிற முட்டைகள். அவற்றின்மேல் கருஞ்சிவப்புப் புள்ளிகள். கூடு கட்டுவதிலும் அடைகாப்பதிலும் குஞ்சுகளுக்கு ஊட்டுவதிலும் தாயும் தந்தையும் பங்கு கொள்கின்றன.

மழை ஓய்ந்து வடக்கே குளிர் தொடங்கியதும் பூச்சிகள் குறைகின்றன. அப்போது இப்பறவைகள் தெற்கு நோக்கிப் புறப்படுகின்றன. புரட்டாசி, ஐப்பசி மாதங்களில் தமிழகம் வந்து சேர்கின்றன. சில இங்கேயே தங்கிவிடும். சில கோடிக்கரை போன்ற கடற்கரைக் காடுகளில் இளைப்பாறிவிட்டு, கடலைத் தாண்டி இலங்கைக்குச் செல்லும். சித்திரை, வைகாசியில் மீண்டும் வடக்கே திரும்பும். இமயமலை அடிவாரத்திலிருந்து கோடிக்கரை வரை நேர்க்கோட்டில் அளந்தாலும் இரண்டாயிரம் கிலோ மீட்டருக்கு மேல் ஆகும். இதை அது கடப்பது இரவில்! பகலெல்லாம் தரையில் தத்தித் திரியும் குட்டைவால் குருவிக்கு இருட்டில் திசை காட்டுபவன் யார்? பறவைகள் தம் தலைக்கு மேலே சிறகுகளை விரித்தும் மடக்கியும் பறப்பதைப் பார்க்கவில்லையா என்று 'அல்முல்க்' அத்தியாயம் மனிதனிடம் கேட்பதன் ஆழம் இங்கே புலப்படுகிறது.

விருந்தாளிக்கு நாம் செய்வது என்ன?

அன்புச் சகோதர சகோதரிகளே! இனிச் சொல்லவிருப்பது கசப்பான செய்தி.

இரவெல்லாம் பறந்து களைத்த இப்பறவை, ஊருக்குள் எரியும் மின்விளக்குகளால் தடுமாறி வீட்டுக்குள் புகுந்துவிடுகிறது; அல்லது கண்ணாடி ஜன்னலில் வானமும் மரமும் தெரிவதைக் கண்டு, வழியென்று நம்பி மோதி விழுகிறது. தமிழகத்தில் ஆண்டுதோறும் அக்டோபர் மாதத்தில் இவ்வாறு நடக்கிறது. நம்மவர்கள் பலர் வாழும் சிங்கப்பூரில், உயர்ந்த கட்டடங்களில் மோதி விழும் வலசைப் பறவைகளுள் பிட்டா இனப் பறவைகள் முன்னணியில் நிற்கின்றன. விழுந்து கிடக்கும் பறவையைப் பூனை கவ்விச் செல்கிறது. பூனைக்குத் தப்பினால் சிறுவர்கள் காலில் நூல் கட்டி இழுக்கின்றனர். தோப்பில் திரிவதையோ கவண் கல்லால் அடிக்கின்றனர். அழகாயிருக்கிறதே என்று கூண்டில் அடைப்போரும் உளர்.

"குழந்தைகள் விளையாட்டுத்தானே!" என்று கூறிவிட்டு நாம் பத்திரிகையைப் புரட்டுகிறோம். நாயகம் (ஸல்) அவர்களின் தோழர்கள் அவ்வாறு கூறவில்லை. இளைஞர்கள் சிலர் உயிருள்ள ஒரு பறவையைக் கட்டிவைத்து அதன்மீது அம்பெய்து பழகிக்கொண்டிருந்தனர். அவ்வழியே இப்னு உமர் (ரலி) அவர்கள் வந்தார்கள். இளைஞர்கள் சிதறி ஓடினர். உயிருள்ள ஒன்றைக் குறிப்பொருளாக்குவோரை ரஸூலுல்லாஹ் (ஸல்) அவர்கள் சபித்திருப்பதை அவர்கள் எடுத்துக்கூறி எச்சரித்தார்கள். புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் இது இடம்பெற்றுள்ளது. சாபம் என்பது சாதாரணச் சொல்லன்று. நம் பிள்ளையின் கையில் கவணைக் கொடுக்கும்போது இதையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

அபூதாவூதில் பதிவான மற்றொரு நிகழ்ச்சி, பயணம் ஒன்றில் நடந்தது. தோழர்கள் ஒரு சிறு பறவையின் இரு குஞ்சுகளை எடுத்துக்கொண்டனர். தாய்ப்பறவை வந்து சிறகடித்துத் தவித்தது. திரும்பி வந்த நாயகம் (ஸல்) அவர்கள், இதன் குஞ்சுகளைக்கொண்டு இதைத் துயரப்படுத்தியவர் யார் என்று வினவி, குஞ்சுகளைத் திருப்பிவிடப் பணித்தார்கள். அதே பயணத்தில் எறும்புப் புற்று ஒன்று எரிக்கப்பட்டிருப்பதைக் கண்டபோது, நெருப்பால் தண்டிப்பது நெருப்பின் அதிபதிக்கே உரியது என்று கண்டித்தார்கள். ஒரு குருவியின் தவிப்பையும் எறும்புகளின் சாவையும், பெரும் பொறுப்புகளைச் சுமந்த அந்த மாநபி கவனிக்கத் தவறவில்லை.

அபூஉமைரும் கூண்டும்

இங்கே ஒரு கேள்வி எழலாம். அனஸ் (ரலி) அவர்களின் சிறு தம்பி அபூஉமைர் ஒரு குருவியை வைத்து விளையாடியதும், அது இறந்தபோது நாயகம் (ஸல்) அவர்கள் அச்சிறுவனின் துயரத்தைப் பொருட்படுத்திப் பரிவோடு பேசியதும் ஹதீஸ்களில் உள்ளனவே. அப்படியானால் பறவை வளர்ப்பது கூடுமல்லவா?

நியாயமான கேள்வி. பறவை வளர்ப்பதை அனுமதித்த அறிஞர்கள் அந்நிகழ்ச்சியையே ஆதாரமாகக் காட்டினர்; ஆனால் தீனியும் நீரும் குறைவின்றி அளிக்க வேண்டும், துன்புறுத்தலாகாது என்ற நிபந்தனையோடு அனுமதித்தனர். ஆறுமணிக் குருவி விஷயத்தில் அந்நிபந்தனையை நம்மால் நிறைவேற்ற முடியாது. அது அரிசியும் தினையும் தின்னும் பறவையன்று. ஈரமண்ணைக் கிளறி உயிருள்ள பூச்சிகளை உண்பது. காலம் வந்ததும் இரவோடிரவாகப் பயணம் போகவேண்டும் என்ற உந்துதல் அதன் உடலோடு படைக்கப்பட்டிருக்கிறது. அதைக் கூண்டில் அடைப்பது பட்டினியும் சிறையும் ஒருசேர விதிப்பதாகும். மேலும் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, இதைப் பிடிப்பதும் கொல்வதும் குற்றமாகும். நாட்டின் நியாயமான சட்டத்தை மதித்து நடப்பது முஸ்லிமின் பண்பு.

இல்லங்களில் நாம் செய்ய வேண்டியவை

வீட்டுக்குள் புகுந்த பறவையைத் துரத்தாதீர்கள். அறை விளக்கை அணைத்து, ஜன்னலைத் திறந்து வைத்து வெளியே வந்துவிடுங்கள். அதுவே வழி கண்டு போய்விடும்.

மோதி மயங்கிக் கிடந்தால், மெல்லிய துணியால் எடுத்து, காற்றுத் துளைகளிட்ட ஓர் அட்டைப்பெட்டியில் வைத்து மூடுங்கள். இருட்டும் அமைதியுமே அதற்கு மருந்து. இரக்கத்தால் அலகைத் திறந்து தண்ணீர் ஊற்ற வேண்டாம். மூச்சுக்குழலில் புகுந்து உயிரைப் போக்கிவிடும். சோறோ ரொட்டியோ திணிக்கவும் வேண்டாம். பிள்ளைகள் நிமிடத்துக்கு ஒருமுறை மூடியைத் திறந்து பார்ப்பதைத் தடுக்க வேண்டும். அதிர்ச்சி மட்டுமே என்றால் பெரும்பாலும் ஓரிரு மணி நேரத்தில் தெளிந்துவிடும். அதன்பின் செடி அடர்ந்த நிழலான இடத்தில், பூனை நாய் இல்லாதபோது பெட்டியைத் திறந்துவிடுங்கள். சிறகொடிந்திருந்தால் தாமதமின்றிக் கால்நடை மருத்துவரிடமோ வனத்துறையினரிடமோ ஒப்படையுங்கள்.

வலசை மாதங்களில் தேவையற்ற வெளிவிளக்குகளை இரவில் அணைத்துவையுங்கள். பெரிய கண்ணாடி ஜன்னல்களுக்குத் திரையிடுங்கள். விளக்கணைப்பது விரயத்தைத் தவிர்ப்பதும் ஆகும், மின்கட்டணமும் குறையும்.

தோட்டத்துச் சருகுகளைக் கூட்டிக் கொளுத்தும் பழக்கத்தை இல்லத்தரசிகள் சற்று எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன். முற்றம் சுத்தமாக இருக்க வேண்டியதுதான். சுத்தம் ஈமானைச் சார்ந்தது. ஆனால் கொல்லையின் ஒரு மூலையில், மரத்தடியில், சருகு மக்குவதற்கென்று சிறிது இடம் விட்டால் என்ன? அந்த மூலைதான் இந்த வழிப்போக்கனுக்கு உணவு விடுதி. மரத்துக்கும் அது உரம். அதைக் கொளுத்தும்போது, அதனுள் ஊர்ந்து திரியும் எண்ணற்ற சிற்றுயிர்களும் எரிகின்றன என்பதை, எறும்புப் புற்றைப் பற்றிய அந்தக் கண்டிப்போடு சேர்த்துச் சிந்தியுங்கள்.

ஓர் எச்சரிக்கை

ஆறுமணிக் குருவி அழிவின் விளிம்பில் இல்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் அதன் இனத்தில் ஒன்றுக்கு நேர்ந்ததை நாம் அறிந்திருக்க வேண்டும். மியான்மரின் தென்கோடியிலும் தாய்லாந்தின் தென்பகுதியிலும் மட்டுமே வாழ்வது கர்னி பிட்டா. நீலத் தலையும் மஞ்சள் மார்பும் கொண்டது. 1875ஆம் ஆண்டில் இதற்கு விஞ்ஞானப் பெயர் சூட்டியவர், பிற்காலத்தில் இந்திய தேசிய காங்கிரஸைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவரான ஆலன் ஆக்டேவியன் ஹியூம். இது வாழ்ந்த தாழ்நிலக் காடுகள் ரப்பருக்காகவும் எண்ணெய்ப் பனைக்காகவும் வெட்டப்பட்டன. 1952க்குப் பிறகு எவர் கண்ணிலும் படவில்லை. அழிந்தே போயிற்று என்று பலரும் எண்ணியிருந்த வேளையில், 1986ஆம் ஆண்டு தாய்லாந்தின் கிராபி மாநிலத்தில் எஞ்சியிருந்த ஒரு சிறு காட்டில் மீண்டும் காணப்பட்டது. 2003ஆம் ஆண்டு மியான்மரிலும் கண்டறியப்பட்டது. அங்கும் எண்ணெய்ப் பனைத் தோட்டங்கள் காட்டை விழுங்கி வருகின்றன. நம் அடுப்பில் கொதிக்கும் பாமாயிலுக்கும், எங்கோ ஒரு காட்டில் கூட்டை இழக்கும் பறவைக்கும் தொடர்பு உண்டு என்பதை இது உணர்த்துகிறது. எண்ணெயைக் குறைத்தால் நம் இதயத்துக்கும் நல்லது; அந்தக் காட்டுக்கும் நல்லது.

நம்மில் ஒரு ஸாலிம் அலீ

பறவைகளைப் பற்றி அறிவது வேலையற்றோர் வேலை என்று சிலர் கருதலாம். 1896ஆம் ஆண்டு பம்பாயில் ஒரு முஸ்லிம் குடும்பத்தில் பிறந்து, இளமையிலேயே பெற்றோரை இழந்து, மாமா அமீருத்தீன் தய்யப்ஜியின் அரவணைப்பில் வளர்ந்தார் ஒரு சிறுவர். விளையாட்டுத் துப்பாக்கியால் அவர் சுட்டு வீழ்த்திய ஒரு குருவியின் கழுத்தில் மஞ்சள் திட்டு இருந்தது. அது என்ன பறவை என்று கேட்டார். மாமா "போடா, படி!" என்று விரட்டவில்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்துக்கு அனுப்பிவைத்தார். அங்கிருந்த மில்லார்டு என்பவர் பொறுமையோடு விளக்கினார். அச்சிறுவரே பின்னாளில் உலகம் போற்றிய பறவையியல் அறிஞர் ஸாலிம் அலீ. 1976ஆம் ஆண்டு பத்ம விபூஷண் விருது பெற்றார், 1987இல் மறைந்தார். அவர் அங்கம் வகித்த சங்கம் நம் கோடிக்கரையில் நெடுங்காலம் பறவைகளுக்கு வளையமிட்டு, அவற்றின் பயணத்தை ஆராய்ந்தது.

கொல்லும் கையைக் காக்கும் கையாக மாற்றியது, ஒரு பெரியவர் அலட்சியம் செய்யாமல் மதித்த கேள்வியே. இம்மாதம் உங்கள் வீட்டுப் பிள்ளை, "வாப்பா, அது என்ன சத்தம்?" என்று கேட்டால், அதற்குரிய விடை இப்போது உங்களிடம் இருக்கிறது. சுப்ஹுக்கு அழைத்துச் செல்லுங்கள். திரும்பும் வழியில் சற்று நின்று இருவருமாகக் கேளுங்கள்.

வழிப்போக்கரை ஆதரிக்குமாறு பணிக்கும் மார்க்கம் நம்முடையது. இமயத்தின் அடிவாரத்திலிருந்து சிறகை நம்பி வரும் இந்த வழிப்போக்கனுக்கு, நம் கொல்லையில் ஒரு மூலை நிழலும் சில மாத அபயமும் அளிக்கும் நற்குணத்தை வல்ல நாயன் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் வேறொரு படைப்பினத்தோடு சந்திப்போம். வஸ்ஸலாம்.